முதலில் மண், பிறகு மேடை

நேயர்களுக்கு வணக்கம்.

கைவிடப்பட்ட படைமுகாமைக் கலைக்கூடமாக்க முனைகிறவர்கள் பெரும்பாலும் மேடை விளக்கிலிருந்தே கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். பணம் முதலில் போக வேண்டியது மண்ணுக்கு. சுடுதளத்து மண்மேட்டில் ஈயம் சேர்ந்திருக்கும். எரிபொருள் தொட்டியைச் சுற்றி எண்ணெய் ஊறியிருக்கும். தீயணைப்புப் பயிற்சி நடந்த இடத்தில் நுரை ரசாயனம் நிலத்தடி நீர்வரை இறங்கியிருக்கலாம். பழைய கூரைத் தகட்டிலும் குழாய் உறையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். வெடிக்காத குண்டு இல்லையென்று தகுதியுள்ளவர்கள் எழுதித் தரும்வரை மரக்கன்று நடக்கூடக் குழி தோண்டாதீர்கள்.

அடுத்தது கூரை. அமெரிக்காவில் டெக்சாஸின் மார்ஃபா என்ற ஊரில் சிற்பி டொனால்ட் ஜட் தம்முடைய 100 அலுமினியப் பெட்டிகளைப் பழைய பீரங்கிக் கொட்டகைகள் இரண்டில் வைத்தார். தட்டைக் கூரை ஒழுகியது. அதன்மேல் வளைந்த தகரக் கூரையை ஏற்றினார். கதவுகள் இருந்த இடமெல்லாம் பெரிய சன்னல்களாயின. அங்கே பகல் வெளிச்சமே சிற்பங்களைக் காட்டுகிறது. எதையும் இடிக்காமல் செய்த அந்த மாற்றம் இன்றும் நல்ல பாடம்.

பதுங்கறைகளின், அதாவது தடித்த கான்கிரீட் பங்கர்களின், சிக்கல் வேறு. வெளியே 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த சுவர் வியர்க்கும். காற்றோட்டம் என்று பகலில் கதவைத் திறந்துவைப்பதால்தான் பல இடங்களில் பூஞ்சை பிடிக்கிறது. வெளிக்காற்று வறண்டிருக்கும் நேரத்தில் மட்டும் விசிறி ஓடும்படி ஈரப்பத உணரியோடு இணையுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு பூசுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட் கொப்பளித்து உரியும்.

ஒலிக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் கடற்படைக்காகக் கட்டிய இன்சிண்டவுன் எண்ணெய்த் தொட்டியில் ஒரு வெடியொலி, 125 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த சுருதியில், அடங்க 112 விநாடி எடுத்தது. உங்கள் அறை 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் என்றால், வெறும் கான்கிரீட்டில் முழக்கம் ஏறக்குறைய 10 விநாடி நிற்கும். சேர்ந்திசைக்கு அதில் ஓரளவு அழகு உண்டு. நாடக வசனமோ ஒன்றும் புரியாது, 1.2 விநாடிக்கு இறக்க வேண்டும். அதற்கு 50 மில்லிமீட்டர் தடிப்புள்ள ராக்வுல் (கல்லிழைப் பஞ்சு) பலகை சுமார் 115 சதுர மீட்டர் தேவை. 100 பேர் உட்கார்ந்தால் அவர்களே கிட்டத்தட்டப் பாதி வேலையைச் செய்வார்கள், ஆனால் ஒத்திகையில் அவர்கள் இல்லை. பலகைகளைச் சுவரில் ஒட்டாமல் கம்பியில் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள்: தாழ்ந்த சுருதியும் கொஞ்சம் அடங்கும், சுவரும் காயும். எல்லாவற்றையும் மூடிவிடாதீர்கள், அந்த முழக்கத்துக்காகவே தேடி வரும் இசைஞர்கள் உண்டு.

ஒற்றை வாசலோடு கூட்டத்தை அனுமதிக்கவே கூடாது. ஒரு மீட்டர் தடிப்புச் சுவரில் 1.2 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமுமாக வாசல் வெட்டினால் வெளிவரும் கான்கிரீட்டின் எடை ஆறரை டன். கட்டமைப்புப் பொறியாளர் வரைந்து கொடுத்தபடி வைரக் கம்பி ரம்பத்தால் துண்டு துண்டாக, தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். உலர அறுத்தால் எழும் சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

குளிர்நாடுகளில் இத்தகைய அறைகளில் வௌவால்கள் குளிர்காலம் முழுக்க உறங்குகின்றன. பல நாடுகளில் சட்டம் அவற்றைக் காக்கிறது. அந்தப் பகுதியை அந்த மாதங்களில் பூட்டிவைத்து, நிகழ்ச்சிகளை வேனிலுக்கு மாற்றுங்கள். சூடேற்றும் செலவும் மிச்சம்.