வீச்சுவலைக்கு ஈயம்: வன்னியில் மலிவாக எங்கே தேடலாம்?

[காட்சி: நந்திக்கடல் கரை. வீச்சுவலையின் அடிக்கயிறு, மிகக் கிட்டத்தில்.]

அடிக்கயிற்றில் நாலு ஈயக்குண்டு கழன்றுபோனால் போதும், வலை அந்த இடத்தில் தரையோடு படியாது. இறால் அந்த வழியாகவே போய்விடும். கடையில் புதுக்குண்டு கிடைக்கிறது. வலை முழுவதற்கும் வாங்கினால் கையைக் கடிக்கும். இரும்பைக் கட்டலாமே என்பார்கள். ஈயம் தண்ணீரைவிடப் 11 மடங்குக்கு மேல் கனம், இரும்பு 8 மடங்குகூட இல்லை. போதாததற்கு, களப்பின் உப்பில் இரும்பு துருவேறி நூலையும் தின்றுவிடும்.

[காட்சி: ஏ9 வீதியோரம், டயர் கடை வாசல். எண்ணெய் படிந்த ஒரு வாளி.]

முதலில் டயர் கடைக்குப் போங்கள். சக்கரத்தின் சமநிலைக்காக விளிம்பில் பொருத்தும் சிறு எடைகளைப் பழசானதும் கழற்றி வாளியில் போட்டுவைப்பார்கள். ஆனால் வாளியில் உள்ளதெல்லாம் ஈயம் அல்ல. ஐரோப்பாவில் புதிய கார்களுக்கு 2005இல் ஈய எடைகளைத் தடைசெய்த பிறகு, துத்தநாகமும் இரும்பும் பெருகிவிட்டன. அதனால் நிறுத்து வாங்கும் முன் பிரித்துப் பாருங்கள்.

[காட்சி: சீமெந்துத் தரையில் இரண்டு எடைகள் விழுகின்றன. முதலாவது 'தொப்'. இரண்டாவது 'டிங்'.]

'தொப்' என்று விழுந்தது ஈயம். நகத்தால் அழுத்திக் கீறினால் கோடு விழும். குறட்டால் கடித்தால் பல் பதியும். துத்தநாகம் இரண்டுக்கும் அசையாது. காந்தம் இழுத்தால் இரும்பு. ஆனால் ஈய எடையிலும் இரும்புக் கொளுவி இருக்கும் என்பதால், கொளுவியை விட்டு உடம்பில் காந்தத்தை வையுங்கள்.

பழைய இரும்புக் கடையில் ஈயத்தகடோ பழைய ஈயக்குழாயோ கிடைத்தால் விடாதீர்கள். என் கணக்கில் அதுதான் முதல்தரம். தகட்டைக் கத்தரியால் நாடாவாக வெட்டி, அடிக்கயிற்றில் சுற்றி, குறட்டால் நெரித்துவிடலாம். நெருப்பே வேண்டாம். ஈயம் போர்த்திய பழைய கேபிளும் சில வேளை வரும்; அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

[காட்சி: திறந்துகிடக்கும் வாகன பற்றறி. மேலே சிவப்புக் குறுக்குக்கோடு.]

பற்றறியை உடைக்க வேண்டாம். உள்ளே கந்தக அமிலம். தகடுகளில் பாதிக்கு மேல் உலோகமே அல்ல, நஞ்சுப் பசை. செனகல் நாட்டின் டக்கார் நகரருகே பழைய பற்றறிகளிலிருந்து ஈயம் எடுத்த ஓரிடத்தில், 2007க்கும் 2008க்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள்.

நம் மண்ணுக்கு மட்டும் உரிய இன்னொரு வழியும் உண்டு: போருக்குப் பின் காட்டோரம் கிடக்கும் துப்பாக்கி ரவைகளைப் பொறுக்குவது. உள்ளே ஈயம் இருக்கும்தான். வெடிக்காத ரவையும் அதே குவியலில் கிடக்கும். அடுப்பில் அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. கண்ணிவெடி அகற்றுவோர் இன்னும் வேலை செய்யும் மண் இது. தொடாமல், இடத்தை அடையாளம் வைத்து, அவர்களுக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

[காட்சி: முற்றத்தின் கோடியில் விறகடுப்பு, கனத்த இரும்புச் சட்டி.]

உருக்கித்தான் ஆகவேண்டுமென்றால் வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீச நின்று உருக்குங்கள். பிள்ளைகள் அருகில் வரக்கூடாது. சமையல் சட்டியும் வேண்டாம். ஈயம் 327 பாகையில் உருகும், துத்தநாகத்துக்கு 419 பாகை வேண்டும். எனவே நெருப்பை மட்டாக வைத்தால், தப்பி வந்த துத்தநாகம் கொளுவிகளோடு மேலே மிதக்கும், கரண்டியால் வழித்தெடுக்கலாம்.

ஈரம்தான் பெரிய ஆபத்து. நனைந்த துண்டு உருகிய ஈயத்துக்குள் போனால் நீர் ஒரு நொடியில் ஆவியாகி, ஈயத்தை முகத்தில் அடிக்கும். மாரி மாதங்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மற்ற நாட்களிலும் துண்டுகள், அச்சு, கரண்டி எல்லாவற்றையும் முன்கூட்டியே சூடாக்கி உலர்த்துங்கள். கண்ணாடி, நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து அவசியம்.

மேலே படியும் சாம்பல்நிறக் கசடு தூளாகப் பறக்கும். புகையைவிட அதுதான் கையோடு வீட்டுக்குள் வரும். கிணற்றடியிலோ குளக்கட்டிலோ கொட்டாமல், மூடியுள்ள தகரப் பேணியில் அடைத்துவையுங்கள். அதிலும் ஈயம் இருப்பதால், அடுத்த முறை பழைய இரும்புக் கடைக்குப் போகும்போது எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப்பாருங்கள்.