ஐயோனாவில் பாத்திரம் தேய்ப்பவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

செங்கல்பட்டுக்காரர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், தூய கொலம்பா பள்ளி என்றதும் உடனே தெரிந்துவிடும். ஸ்காட்லாந்து மிஷனரிகளின் கைவேலை அது. பள்ளியின் பெயர்ப்பலகையைத் தினம் பார்க்கிறவர்கள்கூட அந்தக் கொலம்பா யார் என்று விசாரித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். 563ஆம் ஆண்டில் பன்னிரண்டு தோழர்களோடு அயர்லாந்திலிருந்து படகேறி, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் ஒரு சின்னத் தீவில் இறங்கிய துறவி அவர். தீவின் பெயர் ஐயோனா.

இன்று நான் பேச வந்தது கொலம்பாவைப் பற்றி அல்ல. அதே தீவில் இப்போது தியான இல்லம் நடத்துகிறவர்களைப் பற்றி. அவர்களோடு நான் ஒரு வாரம் விருந்தாளியாக இருந்தேன். விருந்தாளி என்ற சொல்லை அங்கே கொஞ்சம் வேறு மாதிரி புரிந்துவைத்திருக்கிறார்கள், அதற்கு வருகிறேன்.

ஐயோனாவுக்குப் போவதே ஒரு வேலை. ஓபன் என்ற துறைமுக ஊரில் பெரிய கப்பலேறி முக்கால் மணி நேரத்துக்கு மேல் போனால் மல் என்ற தீவு வரும். அங்கிருந்து பஸ். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்கவேண்டிய ஒற்றைப் பாதையில், ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பாதை முடிகிற இடத்தில் கடல். அங்கே இன்னொரு சிறு படகு, பத்து நிமிடம். வெளியூர்க்காரர்களின் காருக்கு அனுமதி கிடையாது. தீவின் நீளம் ஐந்து கிலோமீட்டர் இருக்கும், அகலம் அதில் பாதிகூட இல்லை. 2011 கணக்கெடுப்பில் அங்கே வசித்தவர்கள் 177 பேர். நம் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் இதைவிடக் கூட்டம் இருக்கும்.

துறையிலிருந்து நடந்தால் கொஞ்ச தூரத்திலேயே மடம் தெரியும், தியான இல்லம் அதில்தான். சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த கல், கடலைப் பார்த்த கோபுரம். ‘ஆகா’ என்று நின்றேன். அந்த ‘ஆகா’ அதிக நேரம் நீடிக்கவில்லை. அன்று மாலையே எங்களைக் குழுக்களாகப் பிரித்து விட்டார்கள். நீர்நாய் குழு, சீல் குழு, பஃபின் பறவைக் குழு என்று குழந்தைகளுக்கு வைப்பது போல் பெயர்கள். எங்கள் குழுவுக்குக் காலைச் சாப்பாடு முடிந்ததும் பாத்திரம் தேய்க்கிற வேலை. இன்னொரு குழுவுக்குக் காய்கறி நறுக்குவது. வேறொன்றுக்குக் கழிப்பறை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் வந்தது. காசு கட்டித்தானே வந்திருக்கிறோம், மனம் அடங்கி ஒரு மூலையில் உட்காரலாம் என்றல்லவா வந்தோம்? இரண்டாம் நாள் காலை, ஜெபம் முடிந்ததும் வேலைக்குப் போகாமல் கடற்கரைப் பக்கம் நழுவினேன். திரும்பி வந்தபோது யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பங்குத் தட்டுகளையும் சேர்த்து எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் ஆளாகப் போய் நின்றேன்.

அந்தக் காலை ஜெபம் முடிகிற விதத்தைச் சொன்னால்தான் இந்தப் பாத்திரக் கதை புரியும். வழக்கமாக ஆராதனை முடிந்தால் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்போம், இல்லையா? அங்கே காலையில் அது கிடையாது. கடைசி வரிகளை எல்லோரும் நின்றபடியே சொல்கிறார்கள், நின்ற நிலையிலேயே கலைந்து அவரவர் வேலைக்குப் போகிறார்கள். ஜெபம் முடிந்துவிட்டது, இனி வேலை என்ற கணக்கு அவர்களிடம் இல்லை. அடுப்படியிலும் அதே ஆராதனைதான் தொடர்கிறது என்பது எண்ணம். எழுதிப் படித்தால் அழகான கருத்து. பிசுபிசுத்த கஞ்சிப் பானைக்குள் முழங்கை வரை விட்டுத் தேய்க்கும்போது அதன் அழகு அவ்வளவாகத் தெரிவதில்லை.

சரி, நடத்துகிறவர்கள் யார்? துறவிகள் என்றுதான் நானும் நினைத்துப் போனேன். அங்கி போட்டவர் ஒருவரும் இல்லை. சமையலுக்குப் பொறுப்பு ஒருவர், அறைகளுக்கும் துணிமணிக்கும் ஒருவர், பழுது பார்க்க ஒருவர், பாட்டுக்கு ஒருவர், தோட்டத்துக்கு ஒருவர், கடைக்கு ஒருவர். சம்பளத்துக்கு வந்து சில ஆண்டுகள் அங்கேயே தங்கி வேலை செய்கிறவர்கள் இவர்கள். இவர்களோடு பல நாடுகளிலிருந்து தொண்டர்கள் சில வாரங்கள், சில மாதங்கள் என்று வந்து போகிறார்கள். தங்க இடம், சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், அவ்வளவுதான். எந்தச் சபை என்று யாரும் கேட்பதில்லை. பிரஸ்பிட்டேரியன், கத்தோலிக்கர், குவேக்கர், எதிலும் சேராதவர் எல்லோரும் ஒரே மேசையில்.

இந்த ஏற்பாட்டுக்கு ஐயோனா குழுமம் என்று பெயர். தொடங்கிய மனிதர் ஜார்ஜ் மெக்ளவுட். 1895இல் பிறந்தவர், பெரிய இடத்துப் பிள்ளை, முதல் உலகப் போரில் வீரப் பதக்கம் வாங்கியவர். அப்புறம் போதகரானார், போரே கூடாது என்கிற கட்சிக்கும் மாறினார். 1930இல் கிளாஸ்கோ நகரத்தில் கோவன் என்ற பகுதிக்குப் போதகராகப் போனார். கப்பல் கட்டுகிற தொழிலாளர்கள் நிறைந்த இடம். உலகம் முழுக்கத் தொழில் படுத்த காலம் அது. கைத்தொழில் தெரிந்தவர்கள் வேலையில்லாமல் தெருமுனையில் நின்றார்கள். சபைக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்தது. இறையியல் கல்லூரியிலிருந்து வெளியே வரும் இளம் போதகர்களுக்கு ஒரு தொழிலாளியோடு எதைப் பேசுவதென்றே தெரியவில்லை.

1938இல் மெக்ளவுட் அந்தப் பதவியை விட்டார். இளம் போதகர்கள் சிலரையும் கொத்தனார், தச்சர் சிலரையும் அழைத்துக்கொண்டு ஐயோனாவுக்குப் போனார். அங்கே பெனடிக்ட் சபைத் துறவிகள் 1200 வாக்கில் கட்டிய மடம் இருந்தது. மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பாழாய்ப்போனது. தீவின் சொந்தக்காரரான ஆர்கைல் பிரபு 1899இல் அந்த இடிபாட்டை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்திருந்தார். எல்லாச் சபையாரும் அங்கே வழிபட இடம் இருக்கவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. 1910க்குள் கோயிலுக்குக் கூரை போட்டாயிற்று. துறவிகள் உண்டு உறங்கி வாழ்ந்த பகுதி மட்டும் மொட்டைச் சுவராக நின்றது. அதைத்தான் இவர்கள் கட்டப் போனார்கள்.

கட்டிய விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. கொத்தனார் கொத்தனாராகவே இருந்தார். பட்டம் வாங்கிய போதகர் அவருக்குச் சித்தாள்! கல் சுமப்பது, கலவை குழைத்துக் கொடுப்பது. மரக் குடிசையில் எல்லோரும் சேர்ந்து தங்கினார்கள், ஒரே சாப்பாடு, ஒரே ஜெபம். கோடை முடிந்ததும் அந்த இளம் போதகர்கள் நகரத்து ஏழைப் பகுதிகளுக்கு வேலைக்குப் போவார்கள். கட்டடம் எழும்பவேண்டும் என்பதற்காக மட்டும் மெக்ளவுட் இதைச் செய்யவில்லை என்பது என் எண்ணம். காசு கொடுத்துக் கூலிக்கு ஆள் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும். இவர்கள் முடிக்க 1965 ஆகிவிட்டது.

காசு என்றதும் ஒரு கதை நினைவுக்கு வருகிறது. ஜேம்ஸ் லித்கோ என்ற கப்பல் கட்டும் முதலாளியிடம் மெக்ளவுட் நன்கொடை கேட்டுப் போனாராம். பணம் தந்தால் இந்தப் போர் எதிர்ப்பை விட்டுவிடுவீரா என்று முதலாளி கேட்டிருக்கிறார். முடியாது என்று பதில். அப்படியானால் தருகிறேன் என்று 5,000 பவுண்டு கொடுத்தாராம். போர்க்காலத்தில் மரம் கிடைக்காமல் தவித்தபோது, ஒரு கப்பல் கடலில் தள்ளிவிட்ட மரம் எதிர்க் கரையிலேயே வந்து ஒதுங்கியது என்றும் சொல்வார்கள். இந்தக் கதைகளைச் சொல்லும்போது அங்குள்ளவர்களின் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும், அதைக் கவனித்தேன். நம்புகிறார்களா, ரசிக்கிறார்களா என்று சொல்லமுடியாத சிரிப்பு.

எல்லோரும் கொண்டாடினார்கள் என்று நினைக்கவேண்டாம். பாதி வழி ரோமுக்குப் போய்விட்டார், பாதி வழி மாஸ்கோவுக்குப் போய்விட்டார் என்று அவரைப் பற்றி ஸ்காட்லாந்தில் பேசினார்கள். மடத்தைக் கட்டுகிறாரே, அதனால் கத்தோலிக்கர். தொழிலாளி, சமாதானம் என்கிறாரே, அதனால் கம்யூனிஸ்ட். அதே ஸ்காட்லாந்துச் சபை 1957இல் அவரைத் தன் பேரவைத் தலைவராக்கியது என்பது வேறு கதை. 1991 வரை வாழ்ந்தார்.

குறையையும் சொல்லவேண்டும். கொத்தனாருக்கும் போதகருக்கும் சமத்துவம் பேசிய அந்தக் குழுமத்தில் பெண்களுக்கு முழு உறுப்பினர் இடம் கிடைக்க 1969 ஆயிற்று. முப்பத்தொரு வருடம்! கட்டட வேலை முழுதும் முடிந்த பிறகுதான். ஒரு பெண் தலைமைக்கு வர 2002 ஆனது, கேத்தி கேலோவே.

உறுப்பினர் என்று சொன்னேனே, அவர்களில் பெரும்பாலோர் தீவில் இல்லை. ஐயோனா குழுமத்தின் உறுப்பினர்கள் ஆசிரியர், செவிலியர், போதகர், ஓய்வு பெற்றவர் என்று அவரவர் ஊரில் இருக்கிறார்கள். மடத்து வாழ்க்கை கிடையாது, துறவறச் சபதம் கிடையாது, ஆனால் ஓர் ஒழுங்குமுறை உண்டு. தினமும் ஜெபமும் வேதவாசிப்பும். நீதிக்கும் சமாதானத்துக்குமான வேலை. நேரத்துக்குக் கணக்கு. அப்புறம், பணத்துக்குக் கணக்கு. பக்கத்து ஊர்களில் உள்ள உறுப்பினர்கள் சின்னக் குழுவாகக் கூடி, நான் இவ்வளவு சம்பாதித்தேன், அவசியச் செலவு இவ்வளவு, மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைப் பகிர்ந்தேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லவேண்டும்.

யோசித்துப் பாருங்கள். பாவ அறிக்கை செய்யச் சொன்னால் நம்மில் பலர் செய்துவிடுவோம். சம்பளம் எவ்வளவு, எதில் செலவழித்தாய் என்று சபையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்டால்? கூடப் பிறந்தவரிடம்கூடச் சொல்லமாட்டோம். சாப்பாட்டு மேசையில் உறுப்பினர் ஒருவரிடம் கேட்டேன், கூச்சமாக இருக்காதா என்று. முதல் வருடம் இருந்தது, இப்போது என் ஜெபத்தைப் பற்றிச் சொல்வதுதான் கூச்சம் என்றார்.

தீவில் வேலை செய்கிறவர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி. அவர்களுடைய நாளைக் கட்டுப்படுத்துவது படகு. காய்கறி, மாவு, எரிவாயு, கழிப்பறைக் காகிதம் எல்லாம் அதில்தான் வரவேண்டும். காற்று பலமாக அடித்தால் படகு நிற்கும். அன்று இருப்பதை வைத்துச் சமையல். பருப்பு சூப் அடிக்கடி வந்ததன் காரணம் ஆன்மிகம் என்று நினைத்திருந்தேன், பருப்பு கெடாமல் இருக்கும் என்பதுதான் காரணம் என்று சமையலறையில் சொன்னார்கள். காரம் இல்லாத பருப்பு. வாரக் கடைசியில் ஒரு மிளகாய்க்காக மனம் ஏங்கியது.

கட்டடமும் சும்மா விடுவதில்லை. 1965இல் முடித்த குடியிருப்புப் பகுதி ஐம்பது வருடத்தில் குளிரும் ஈரமும் குடித்துப்போனது. அதைச் சீர்படுத்த 37 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு திரட்டி, கதவை மூடி வேலை பார்த்தார்கள். நடுவில் கொரோனா. 2021இல்தான் விருந்தாளிகள் திரும்ப வந்தார்கள்.

வருகிறவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. வானத்துக்கும் பூமிக்கும் நடுவே திரை மெலிந்துபோன இடம் ஐயோனா என்று சொல்வார்கள், மெக்ளவுடே அப்படிப் பேசியவர்தான். அந்தத் திரையைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள், துக்கத்தோடு வருகிறவர்கள், வேலை போனவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் அந்த மேசையில் உட்காருகிறார்கள். வாரத்தில் ஒரு மாலை குணமாக்கும் ஆராதனை, தலைமேல் கைவைத்து ஜெபிப்பார்கள். ஒரு நாள் தீவைச் சுற்றி யாத்திரை. தெற்கே கொலம்பா இறங்கியதாகச் சொல்லும் விரிகுடாவில் ஆளுக்கொரு கூழாங்கல்லைக் கையில் எடுத்து, விட்டுவிட விரும்புவதை நினைத்துக் கடலில் எறிகிறோம். இன்னொரு கல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறோம். எங்களுக்கு வழிகாட்டி வந்த இளைஞன் அந்தப் பருவத்தில் எத்தனை முறை அங்கே கல்லெறிந்திருப்பான் என்று கேட்டேன். எண்ணுவதை விட்டுவிட்டேன் என்றான். பிறகு, ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் அழுவார்கள், அவர்கள் பக்கத்தில் நிற்பதுதான் என் வேலை, நான் எறிய மறந்துவிடுவேன் என்றான்.

அவன் தியானத்துக்கு எங்கே போவான் என்று எனக்குத் தோன்றியது. அதை நான் கேட்கவில்லை.

கிளம்புகிற நாள் காலை, எங்கள் படுக்கை விரிப்புகளை நாங்களே உருவி மடித்து வைத்தோம். படகுத்துறை வரை வேலையாட்கள் வந்து கையசைத்தார்கள். படகு நகர்ந்த பிறகும் அசைத்துக்கொண்டே நின்றார்கள். கரை சிறுத்துக்கொண்டே வந்தபோது ஒவ்வொருவராகத் திரும்பி, மேட்டை நோக்கி வேகமாக நடப்பதைப் பார்த்தேன். அன்று மாலைப் படகில் அடுத்த கூட்டம் வருகிறது. அதற்குள் எல்லாக் கட்டிலுக்கும் வேறு விரிப்பு போட்டாகவேண்டும்.

வணக்கம்.