ஆக்சிஜனுக்கும் அளவு உண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

"சிஸ்டர், ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி வையுங்க, அப்பா மூச்சு வாங்க ரொம்பக் கஷ்டப்படுதாரு." குமரி மாவட்டத்தின் எந்த மருத்துவமனை வார்டிலும் இந்தக் குரலைக் கேட்கலாம். சில நேரம் "கூட்டக்கூடாது" என்று பதில் வரும். அது அலட்சியம் அல்ல. ஆக்சிஜன் ஒரு மருந்து. குறைந்தாலும் கேடு, மிஞ்சினாலும் கேடு.

இதை மருத்துவ உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. 1940களில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்து ஆக்சிஜனைத் தாராளமாகச் செலுத்தினார்கள். குழந்தைகள் பிழைத்தன, ஆனால் பல குழந்தைகளுக்குப் பார்வை போயிற்று. மிகுந்த ஆக்சிஜன்தான் காரணமாக இருக்கலாம் என்று 1951-இல் மெல்போர்னில் கேட் காம்ப்பெல் என்ற மருத்துவர் சுட்டிக்காட்டினார். பின்னர் நடந்த ஆய்வுகள் அதை உறுதி செய்தன. அதற்குள் சுமார் பத்தாயிரம் குழந்தைகள் பார்வை இழந்திருந்தார்கள்.

பெரியவர்களுக்கு ஆபத்து வேறு விதமாக வரும். பல்லாண்டு பீடிப் புகையும் விறகடுப்புப் புகையும் நுரையீரலைக் கெடுத்து, நாள்பட்ட இளைப்பு வந்தவர்களில் சிலருக்கு இரத்தத்தில் கரியமில வாயு தேங்கி நிற்கும். அவர்களுக்கு ஆக்சிஜனை அளவுமீறிக் கொடுத்தால் அந்த வாயு இன்னும் ஏறும். இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டிய கருவி 99 என்று காட்டும். வீட்டார் நிம்மதியடைவார்கள். நோயாளியோ மெல்ல மெல்ல மயக்கத்துக்குள் போய்க்கொண்டிருப்பார். ஆகவே அந்தக் கருவியில் இவர்களுக்கு இலக்கு 88 முதல் 92 சதவீதம். மற்றப் பெரும்பாலோருக்கு 94 முதல் 98.

இந்த இலக்கில் நிறுத்த ஆக்சிஜனைத் துல்லியமாக அளந்து கொடுப்பதற்காக மோரன் காம்ப்பெல் என்ற மருத்துவர் 1960-இல் வெளியிட்டதுதான், நிறம் நிறமான முனைகளை மாற்றி மாட்டும் வென்டூரி முகமூடி. நீல முனையில் நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 24 சதவீதம், வெள்ளை முனையில் 4 லிட்டருக்கு 28 சதவீதம். லிட்டரை மட்டும் கூட்டினால் சதவீதம் கூடாது, முனையைத்தான் மாற்ற வேண்டும். முனையின் பக்கத்துளைகளைப் போர்வை மூடிவிட்டால் கணக்கே தவறிவிடும். சாதாரண முகமூடிக்கு 5 லிட்டருக்குக் குறைத்து வைக்கக்கூடாது. வைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார்.

இதையெல்லாம் கவனிக்கத் தனியாக ஒரு தொழில் தேவைப்பட்டது. 1947-இல் சிகாகோவில் சுவாச சிகிச்சையாளர்களின் சங்கம் முறைப்படி அமைந்தது. 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சு நின்றுபோய் இயந்திரத்தில் வைத்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். மருத்துவர் பியோர்ன் இப்சன் சொன்னபடி தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் அந்தக் குழாய் வழியே காற்று போகக் கையால் பை அமுக்கினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்த கதை இதுதான். இந்தியாவில் 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்தொழிலையும் பட்டியலில் சேர்த்தது.

வென்டிலேட்டரில் ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதை உடல் எடையைப் பார்த்து வைப்பது தவறு. உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருப்பதில்லை. உயரத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும். 165 சென்டிமீட்டர் உயர ஆணுக்குக் கணக்கு எடை 61.5 கிலோ. கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் வீதம் சுமார் 370 மில்லி. அவர் 90 கிலோ இருக்கிறார் என்று 540 வைத்தால் நுரையீரல் காயப்படலாம். கடும் நுரையீரல் பாதிப்புக்குக் கிலோவுக்கு 12 மில்லி கொடுத்தபோது நூற்றுக்கு 40 பேரும், 6 மில்லி கொடுத்தபோது 31 பேரும் இறந்ததாக 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. உயரம் அளக்க இன்ச் டேப் ஒன்று படுக்கைக்கு அருகில் இருந்தாக வேண்டும்.

வென்டிலேட்டருக்காகத் தொண்டையில் வைக்கும் குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூனின் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவில் இருக்க வேண்டும். கூடினால் மூச்சுக்குழாய்ச் சுவரில் இரத்த ஓட்டம் நின்று புண்ணாகும். குறைந்தால் எச்சில் உள்ளே இறங்கி நிமோனியா வரும். விரலால் அமுக்கிப் பார்த்து இதை அறிய முடியாது, அழுத்தமானி வைத்துத்தான் பார்க்க வேண்டும். அளக்காமலே "25" என்று குறிப்பேட்டில் எழுதுவது இத்தொழிலில் மிகப் பெரிய நெறிக்கேடு என்பது என் உறுதியான கருத்து. அடுத்த முறைப் பணியாளர் அந்த எண்ணை நம்பித்தான் முடிவெடுப்பார். கருவி கடைக்காரரிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு, மருத்துவர் எழுதாத இயந்திரத்தை ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுவதும் அதே தரத்துக் குற்றம்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். 2017-இல் ஒக்கிப் புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் போனால் கான்சன்ட்ரேட்டரும் நின்றுவிடும். ஆகவே மாற்றுக்கு ஒரு பி வகைச் சிலிண்டர் இருக்கட்டும். அதில் 1,500 லிட்டர் இருக்கும், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டரை மணி நேரம் வரும். திருகு இறுகிவிட்டது என்று ரெகுலேட்டரில் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் பட்டால் தீப்பற்றும். விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் மூன்று மீட்டருக்குள் வேண்டாம். ஈரப்படுத்தும் பாட்டிலில் கொதித்து ஆறிய நீரைத் தினமும் மாற்றுங்கள்.

நோயாளியின் இலக்கு எண்ணை மருத்துவரிடம் கேட்டு, எத்தனை லிட்டர் என்பதையும் சேர்த்து, தடித்த எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிச் சிலிண்டர் கழுத்தில் கட்டிவிடுங்கள். 108 வந்ததும் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். நன்றி, வணக்கம்.