வேலிக்கு இருபுறமும் எல்க் மான்கள்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் சைனாடவுனில் உள்ள பழைய சீன மருந்துக்கடைகளில், கண்ணாடிச் சாடிக்குள் மெல்லிய வட்ட வில்லைகள் அடுக்கப்பட்டிருப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நடுவில் தேன் நிறமும் ஓரத்தில் பூனைமயிர் போன்ற மென்மயிரும் கொண்ட அந்த வில்லைகள், முற்றி எலும்பாவதற்கு முன்பே அறுத்தெடுத்த மானின் இளங்கொம்பைச் சீவிச் செய்தவை. அத்தகைய கொம்புக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்படும் மான்களுள் ஒன்றுதான் எல்க். வட அமெரிக்காவையும் கிழக்காசியாவையும் சேர்ந்த இந்த மானுக்கு வாப்பிட்டி என்ற பெயரும் உண்டு. நம் மண்டாய்க் காட்டில் திரியும் மிளாவைவிட உருவில் பெரியது. வளர்ந்த ஆண் மான் 300 கிலோவுக்கு மேலும் எடையிருக்கும்.

விலங்கு மருத்துவத்தில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், காட்டு விலங்கின் நோயையும் பண்ணை விலங்கின் நோயையும் தனித்தனியாகப் பிரித்துப் பேச முடியாது என்பதற்கு எல்க்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஜாக்சன் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. எல்க் கூட்டங்கள் குளிர்காலத்தில் இறங்கி மேய்ந்த நிலங்களில் ஊரும் மாட்டுப் பண்ணைகளும் எழுந்தபின், பனியில் மான்கள் பட்டினியால் மடிந்தன. அதைக் காணப் பொறுக்காமல் மக்கள் வைக்கோல் போட்டார்கள். 1912இல் அங்கே தேசிய எல்க் சரணாலயமும் அமைந்தது. குதிரைமசால் தீவனத்தைத் தேடி இன்றும் ஆயிரக்கணக்கான மான்கள் அங்கே ஒரே இடத்தில் கூடுகின்றன.

அந்த இரக்கத்தின் ஊடே நுழைந்ததுதான், சினை விலங்கின் கருவைக் கலைக்கும் கன்று வீச்சு நோய். புரூசெல்லா என்ற பாக்டீரியாவால் வரும் இந்நோய், ஐரோப்பியர் கொண்டுவந்த மாடுகளிலிருந்து அவ்வட்டாரத்துக் காட்டு விலங்குகளுக்குத் தொற்றியது. பொதுவாகச் சினை எல்க் ஈனும் வேளையில் கூட்டத்தைவிட்டு விலகிப்போய், நஞ்சுக்கொடியையும் தானே தின்று இடத்தைத் துப்புரவாக்கிவிடும். ஆனால் நோயுற்ற மான் குளிர்காலத்தின் பிற்பகுதியில், தீவனம் கொட்டும் இடத்திலேயே கருவை வீசிவிட்டால், அருகில் நிற்கும் பெண் மான்கள் வந்து அதை முகர்ந்து நக்கும். அதில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். பின்னர் நோய் மீண்டும் மாடுகளுக்கே திரும்பியது. ஜாக்சனையும் உள்ளடக்கிய யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் 1998 முதல் மாடுகளிடையே தோன்றிய தொற்றுகள் எல்க்கிடமிருந்தே வந்தன என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2017ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. மாடு கொடுத்ததை மான் திருப்பிக் கொடுத்தது என்பதே என் கணிப்பு. பழியை மான்மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

மாட்டுக் காசநோயும் இப்படிக் கைமாறியதே. 1990களில் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்து எல்க் பண்ணைகளில் அது பரவியது, மனிதருக்கும் தொற்றக்கூடியது. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்குப் போடப்படும் பிசிஜி தடுப்பூசி, அதே மாட்டுக் காசநோய்க் கிருமியை வலுவிழக்கச் செய்து உருவாக்கப்பட்டது என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

எனக்கு மிகுந்த கவலை தருவது நாட்பட்ட மெலிவு நோய். 1967இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்ட இந்நோய்க்குக் காரணம் பாக்டீரியாவோ வைரஸோ அன்று. உடலிலேயே உள்ள ஒரு புரதம் தவறாக மடிந்து, தன்னைச் சுற்றியுள்ள அதே வகைப் புரதங்களையும் அவ்வாறே மடியச் செய்கிறது. பிரியான் எனப்படும் அதைக் கொதிநீர் அழிக்காது. மண்ணில் கலந்தால் ஆண்டுக்கணக்கில் தொற்றும் ஆற்றலோடு கிடக்கும். நோய் முற்றிய எல்க்கை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்: விலா எலும்புகள் துருத்தி நிற்க, காதுகள் தொங்க, வாயில் எச்சில் ஒழுக, வேலியோரமாக ஒரே தடத்தில் போய்ப்போய் வந்துகொண்டிருக்கும். ஆனால் அந்த நிலைக்கு வருவதற்கு முன் ஒன்றரை ஆண்டோ அதற்கு மேலோ அது கொழுகொழுவென்றே இருக்கும். அக்காலத்திலேயே எச்சில், சிறுநீர், சாணம் வழியாக நோயைப் பரப்பும்.

கனடாவிலிருந்து 1990களில் தென்கொரியாவுக்கு அனுப்பப்பட்ட எல்க் மான்கள் அப்படித்தான் நலமாகத் தோன்றின. 2001இல் அங்கே நோய் உறுதியானது. ஓர் ஆசிய நாட்டின் கொம்புத் தேவை, ஒரு வட அமெரிக்க நோயைக் கடல் கடத்தியது. மலேசியப் பன்றிகளோடு வந்த நிப்பா வைரஸ் 1999இல் இங்கே இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேரைத் தாக்கி, ஒருவரின் உயிரைப் பறித்ததை நினைத்துப் பார்ப்போருக்கு, இது தொலைதூரக் கதையாகத் தோன்றாது. மெலிவு நோய் மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. எனினும் நோயுள்ள விலங்கின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்றே சுகாதார அமைப்புகள் அறிவுறுத்துகின்றன.

ஒட்டுண்ணிகளுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வட அமெரிக்காவின் வெண்வால் மானின் மூளை உறையில் வாழும் மெல்லிய புழு ஒன்று, அந்த மானுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. அதன் இளம்புழு சாணத்தின்மேல் படிந்த சளியில் இருந்து, ஊர்ந்து செல்லும் நத்தைக்குள் புகுகிறது. கடுகளவு நத்தை ஒட்டிய புல்லை எல்க் கடித்தால் போதும். புழு தண்டுவடத்திலும் மூளையிலும் அலைந்து திரிய, மானின் தலை ஒருபக்கம் சாய்கிறது, பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன, வட்டமிட்டே நடக்கிறது. பண்ணையில் முன்கூட்டியே ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்தைக் கொடுத்துத் தடுக்கலாம். நரம்பு மண்டலத்துக்குள் புகுந்தபின் அம்மருந்தால் அதிகப் பயனில்லை. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட எல்க் மான்களுள் பல இதற்குப் பலியாயின.

மீண்டும் ஜாக்சனுக்கு வருகிறேன். 2020 டிசம்பரில், அச்சரணாலயத்தை ஒட்டிய கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில் வேட்டையாடப்பட்ட பெண் எல்க் ஒன்றுக்கு மெலிவு நோய் இருப்பது சோதனையில் தெரிந்தது. தீவனத்தைச் சட்டென நிறுத்தினால் மான்கள் பக்கத்துப் பண்ணைகளின் வைக்கோல் போர்களுக்குப் போய் மாடுகளோடு கலக்கும். நிறுத்தாவிட்டால் ஆயிரக்கணக்கான வாய்கள் ஒரே மண்ணை நக்கும். தீவனம் தொடங்கும் நாளை ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போட்டு, மான்களை மெல்ல மெல்லக் கலைப்பதே சரியென்று நான் கருதுகிறேன். அதற்குள் அந்த மண்ணில் பிரியான் எவ்வளவு சேரும் என்பதே என்னை வாட்டும் கேள்வி.