விட்ட குஞ்சில் பிழைத்தது எத்தனை?

நேயர்களுக்கு வணக்கம்.

தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். இருபது ஆண்டு கழித்து, 1981-இல், அங்குள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்துச்சிப்பியைத் தொட்டியிலேயே முட்டையிடவைத்துக் குஞ்சு எடுத்தார்கள். பெரிய சாதனை அது. அந்தப் பத்தாண்டிலேயே லட்சக்கணக்கில் குஞ்சுகளைக் கடலில் பார்களில், அதாவது சிப்பி வளரும் பாறைத் திட்டுகளில், கொண்டுபோய் விட்டார்கள். ஆனாலும் பழையபடி முத்துக்குளிக்கும் அளவுக்குப் பார்கள் பெருகவில்லை. விட்டதெல்லாம் என்ன ஆயிற்று?

குஞ்சுபொரிப்பகத்தில் வடிகட்டிய கடல்நீர், நேரத்துக்குப் பாசி, எதிரியே கிடையாது. சென்னைக் கழிமுகங்களில் வளரும், நாம் உண்ணும் சிப்பியான ஆளியை எடுத்துக்கொள்வோம். அதன் குஞ்சு இரண்டு மூன்று வாரம் நீந்தும், பிறகு ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஆயுசுக்கும் அங்கேதான், கடலில் எதிரி வந்தால் தப்பி ஓட வழியில்லை.

எண்ணூரிலோ முட்டுக்காட்டிலோ ஆளித் திட்டுப் பக்கம் போனால் செத்த ஓடுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். எப்படிச் செத்தது என்று ஓடே சொல்லிவிடும். ஊசி குத்தியதுபோல் வட்டமான சிறு துளை இருந்தால், துளைபோடும் நத்தை வேலை. விளிம்பு நொறுங்கியிருந்தால் நண்டு. இரண்டு ஓடும் முழுசாக, கீல் விடாமல், உள்ளே சேறு அடைத்துக் கிடந்தால் நன்னீரோ சேறோ கொன்றிருக்க வாய்ப்பு அதிகம். குஞ்சு விட்ட இடத்தில் இப்படி ஓடு பொறுக்கிப் பார்ப்பதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

கரீபியக் கடலில் ராணிச் சங்கைத் தொட்டியில் வளர்த்து விட்டபோது, அவற்றின் ஓட்டில் முள் குட்டையாக இருந்தது, மணலில் புதைந்துகொள்வதும் குறைவு. எதிரிகளுக்குச் சுலபமாக இரையாயின. அமெரிக்காவில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். நண்டு இருக்கும் தண்ணீரில் ஆளிக் குஞ்சை வளர்த்தால், அந்த வாடை பட்டே ஓடு உறுதியாகிறது. விட்ட பிறகு தாக்குப்பிடிப்பதும் கூடுகிறது. நம் ஆளிக்கும் சேற்று நண்டை வைத்து இதைச் செய்து பார்க்க வேண்டும், செலவும் அதிகமில்லை.

சென்னைக்கு இன்னொரு சங்கடம், வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் இறங்கினால் கழிமுகத்தில் உப்பு சட்டென்று இறங்கிவிடும். வளர்ந்த ஆளி ஓட்டை மூடிக்கொண்டு நாள்கணக்கில் தாங்கும். நகக்கண் அளவுக் குஞ்சால் அவ்வளவு தாங்க முடியாது. கோடையில் முட்டுக்காட்டு முகத்துவாரம் மணல் மூடி அடைந்தால் தண்ணீர் தேங்கிச் சுடும். எண்ணூரில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து ஓடையெங்கும் படிந்தது. அப்படிப்பட்ட இடத்தில் எத்தனை லட்சம் விட்டாலும் வீண்.

ஆகவே குஞ்சு விடும் திட்டக்காரர்களிடம் என் கோரிக்கை இதுதான். குஞ்சை இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரும்வரை கூண்டில் வளர்த்து, மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு, பழைய ஓடு கிடக்கும் கெட்டித் தரையில் விடுங்கள். விடும் நாளில் விழா நடக்கிறது, எண்ணிக்கை செய்தியில் வருகிறது. மூன்றாம் மாதமும் ஓராண்டு கழித்தும் போய் எண்ணுவதற்குத் திட்டத்திலேயே பணம் ஒதுக்குங்கள். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் ஓடைக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். எந்தத் திட்டில் ஆளி உயிரோடு இருக்கிறது என்று அவர்கள் கைக்குத் தெரியும். அந்த எண்ணும் வேலையை உரிய கூலி கொடுத்து அவர்களிடம் ஒப்படையுங்கள்.

வணக்கம்.