வண்டு பிடித்த அரிசியும் இளவரசன் ஆர்தஸும்

நடுவர் அவர்களே, வணக்கம். மேடையில் இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் அதிலேயே பங்கு உண்டு. மணி அடிப்பவர் இப்போதே கையை வைத்துவிட்டார்.

'இளவரசன் ஆர்தஸின் தவறான முடிவுகளை மன்னிக்கலாம்' என்பது எங்கள் அணி. விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2002-இல் வந்த வார்கிராப்ட் என்ற கணினி விளையாட்டின் மூன்றாம் பாகம். லார்டெரான் நாட்டில் தானியத்தின் வழியே ஒரு கொள்ளைநோய். தின்றவன் சாவான்; செத்தவன் எழுந்து பக்கத்து வீட்டுக்காரனைக் கொல்ல வருவான். ஸ்ட்ராத்தோம் நகருக்கு ஆர்தஸ் போய்ச் சேர்வதற்குள் அந்தத் தானியம் வீடு வீடாகப் போய்விட்டது. ஊரையே வெட்டச் சொன்னான். குரு ஊதர் மறுத்தார். அவரைப் பதவியை விட்டே இறக்கினான். அவன் காதலித்த ஜெய்னாவும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள்.

இதற்கு எதிரணித் தலைவர் என்ன கேட்டார்? "நண்பர் வீட்டு அரிசியில் வண்டு விழுந்தால் சமையலறைக்கே தீ வைத்துவிடுவாரோ?" நீங்கள் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் என் மனைவி உங்கள் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். அதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு காதுகுத்துக்காக அவள் நான்கு நாள் ஊருக்குப் போயிருந்தாள். போகும்போது, "அரிசியை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள். பார்த்தேன். 25 கிலோ மூட்டை. பிரித்தால் உள்ளே வண்டு நடக்கிறது. நடக்கிறது என்றா சொன்னேன்? அணிவகுத்துப் போகிறது! எனக்குள் இருந்த ஆர்தஸ் விழித்துக்கொண்டான். மூட்டையை இழுத்துக்கொண்டுபோய்த் தெருவில் வைத்தேன். திரும்பி வந்தால் உளுந்து. அதையும் தூக்கினேன், சந்தேகத்தின் பேரில். ரவையைத் தூக்கினேன், உறவுமுறையின் பேரில். மிளகாய்த்தூள் டப்பாவில் ஒன்றுமே இல்லை, நடுவர் அவர்களே. ஆனால் சம்பவம் நடந்தபோது அது பக்கத்தில் இருந்தது.

நடுவர் சிரிக்கிறார். ஆகவே மிளகாய்த்தூளோடு இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகிறேன். அது புது டப்பா. மாமியார் கையால் திரித்துக் கொடுத்தனுப்பிய தூள். அதைத் தெருவில் வைத்துவிட்டு, நாட்டைக் காப்பாற்றிய நிம்மதியோடு கடையில் இட்லி வாங்கிச் சாப்பிட்டுப் படுத்தேன். மனைவி வந்தாள். காலி அலமாரியைப் பார்த்தாள். "முறத்தில் போட்டுப் புடைத்து வெயிலில் காயவைத்திருந்தால் போயிருக்குமே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வாரம் எதிர்வீட்டு அம்மாள் ஒரு தட்டு நிறைய முறுக்கு கொடுத்தனுப்பினார். மனைவி ஒன்றை எடுத்துக் கடித்தாள். கண்ணை மூடி மென்றாள். "நம் அரிசி," என்றாள். இன்னொரு கடி. "உளுந்தும் நம்முடையதுதான்."

இந்தக் கதை எதிரணிக்குத்தான் உதவும் என்று என் அணித்தோழர் காதைக் கடிக்கிறார். உதவட்டும். என் அரிசிக்கு வெயில் இருந்தது. ஸ்ட்ராத்தோமுக்கு இருந்ததா? "வேறு வழி இருக்கும்" என்றார் ஊதர். எந்த வழி என்று அவரும் சொல்லவில்லை, ஜெய்னாவும் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தை ஆடியவர்களுக்குத் தெரியும்: இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் மால்கானிஸ் என்ற பேய்த்தலைவன். யார் முதலில் நூறு பேரை எட்டுவது என்று திரையில் எண்ணிக்கை ஓடும். அவன் முந்தினால் நீங்கள் தோற்றீர்கள். எதிரணித் தலைவரே, நீங்களும் அந்த ஆட்டத்தை முடித்தவர்தானே? அந்த நூறு பேரை உங்கள் வீட்டில் யார் வெட்டினார்கள்?

பிறகு நார்த்ரெண்ட் என்ற பனிநாட்டில், 'படையைத் திருப்பு' என்று அப்பா அனுப்பிய ஆணையைக் கேட்காமல், வீரர்கள் ஊர் திரும்ப முடியாதபடி தன் கப்பல்களையே கூலிப்படையை வைத்துக் கொளுத்தினான். பழியையும் அந்தக் கூலிப்படை மேலேயே போட்டான். இதை எதிரணி இதுவரை சொல்லவில்லை. நானும் சொல்லியிருக்கக் கூடாது. தாண்டிப் போகிறேன்.

சாபம் பிடித்த வாளை எடுத்தான். ஊருக்குத் திரும்பினான். சிம்மாசனத்தில் இருந்த அப்பா டெரினாஸை அதே வாளால் குத்தினான். குற்றமில்லை என்று நான் வாதாடவில்லை, ஐயா. செத்த ஊர்க்காரர்கள் மன்னிப்பார்களா என்று கேட்டால் என்னிடம் பதிலும் இல்லை. ஆனால் இதன் தொடர்ச்சியாக வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்ட் விளையாட்டில், பனிமலை உச்சியில் அவன் விழுந்து கிடக்கும்போது யார் வந்தது? அந்த அப்பாவின் ஆவி. 'முடிந்துவிட்டதா அப்பா?' என்று அவன் கேட்கிறான். குத்துப்பட்டுச் செத்த மனிதர் பதில் சொல்லும்போது அவனை 'மகனே' என்றுதான் அழைக்கிறார். அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நடுவர் அவர்களே, நீங்களும் இரண்டு பிள்ளை பெற்றவர்.

இன்னும் ஒன்று. அவன் செத்த பிறகு கிடைத்த பெட்டிக்குள் கழுத்தில் மாட்டும் சின்னச் சிமிழ் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஜெய்னாவின் படம். அன்று ஊர் வாசலில் அவனை விட்டு நடந்தாளே, அவள்தான். அதைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தால், இத்தனை நாளும் இதை வைத்திருந்தானா என்று உடைந்துபோகிறாள்.

மணி அடித்துவிட்டார்கள். அந்த முறுக்கில் இரண்டாவதை என் மனைவி பாதியாக உடைத்து என்னிடம் நீட்டினாள். அதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன். வணக்கம்.