படகு கரையேறிய பிறகு

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் மீனவர் என்றதும் பலருக்கும் படகும் வலையும்தான் கண்ணில் வரும். எனக்கு, முதுநகர் துறைமுகத்தில் விடியும் முன்பே ஏலத்துக்கு நிற்கிற பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

கெடிலமும் உப்பனாறும் கடலில் சேருகிற பக்கம் அது. சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம், அக்கரைக்கோரி, வடக்கே தேவனாம்பட்டினம், தாழங்குடா என்று வரிசையாக மீனவ ஊர்கள். கடலூர் 1866-ல் நகராட்சியானது, 2021-ல் மாநகராட்சியானது. இந்த ஊர்களின் பெண்களோ அன்றும் இன்றும் தலையில் கூடையோடுதான் நடக்கிறார்கள்.

மத்தி விற்கிற ஒரு அக்கா என்னிடம் சொன்னதை எங்கே பேசினாலும் சொல்வேன். "படகுக்காரருக்கு இன்னிக்கு மீன்பாடு இல்லன்னா நாளைக்குப் பாக்கலாம். நான் ஏலத்துல எடுத்த மீனு சாயங்காலம் தாண்டாதுங்க." அவர் கடன் வாங்கித்தான் மீன் எடுக்கிறார். காலையில் கூறு கட்டி விற்கும்போது ஒரு விலை. பத்து மணி வெயிலில் அதே கூறுக்கு வேறு விலை. மதியத்துக்கு மேல் கேட்ட விலைக்குக் கொடுத்தாக வேண்டும். மிஞ்சியதை அறுத்து, உப்புப் போட்டு, கருவாடாக்குவார். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அதுவும் காயாது. வாசலில் அவரிடம் பேரம் பேசுகிறோமே, அவர் ஏற்கெனவே வெயிலோடும் வட்டியோடும் பேரம் பேசிவிட்டு வந்து நிற்கிறார்! இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஃபைபர் படகுகள் மட்டும் போய்வரும். வரத்து குறைந்தால் ஏலத்தில் விலை ஏறும். பெரிய வியாபாரி எடுத்துவிடுவார், சிறுமுதல் வைத்திருக்கிற பெண் வெறுங்கூடையோடு திரும்புவார். தடைக்காலம் வேண்டும், மீன் குஞ்சு பொரித்துப் பெருக வேண்டும். ஆனால் அதன் பாரம் இவர் தலையில் எவ்வளவு ஏறுகிறது என்றும் கணக்கிட வேண்டாமா?

சுனாமிக்குப் பிறகு இந்தப் பெண்கள் மறுபடி கூடை எடுத்ததையும், மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி இழுக்கிற பெரிய வலையான சுருக்குமடி வலை பற்றிய தகராறையும் சொல்ல நினைத்தேன். நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இவர்கள் கேட்பது ஏலம் நடக்கும் இடத்தில் நிழல், கழிப்பறை, கட்டுப்படியாகிற விலையில் ஐஸ், கருவாடு காயவைக்க ஒரு சிமெண்டுத் தளம். மாநகராட்சியும் மீன்வளத் துறையும் மனம் வைத்தால் செய்யக்கூடியவைதான். வணக்கம்.